யோலாந்தாவின் கழுத்தும் இரண்டு விரல்காரிகளும்

வயிற்றில் பிள்ளை இல்லை என்றால் இல்லைதான். இன்னும் எத்தனை பேரிடம் சொல்வது? தீக்காயமும் இல்லை. பச்சை குத்திக்கொள்ளவும் இல்லை. பிரான்சில் ஏதோ புது மதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டார்களாம், அதுவும் இல்லை. ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் நின்று என்னைவிடச் சத்தமாகப் பாடினாள், என்னைவிடச் சுதி தப்பி. யோலாந்தா என் ஞானமகள். ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் அவளை ஏந்திப் பிடித்தவை இந்தக் கைகள். அவள் தன் கல்யாணத்துக்குக் கழுத்துவரை மூடி, மணிக்கட்டுவரை மூடி, தொண்டைக்குழியிலிருந்து இடுப்புவரை சின்னச் சின்னப் பொத்தான்கள் வைத்த ஒரு வெள்ளை உடுப்பைத் தேர்ந்தெடுத்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மூடிக்கொண்டதற்குப் போய் ஓர் ஊர் இப்படிக் கொதிக்குமா என்கிறீர்களா? கொதிக்கும். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நீங்கள் எங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் இரண்டு விரல்காரிகள். எல்லா ஊரிலும் இருக்கிறோம். எங்கள் ஊரில் கோயிலுக்கு எதிரே மரத்தடி பெஞ்சில் இருக்கிறோம். புருஷன் போன நாளிலிருந்து கறுப்புத்தான் உடுத்துகிறோம், ஆகவே எங்கள் உடுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது, மற்றவர்கள் உடுப்பைப் பற்றி வாய் திறக்க எங்களுக்கு நாள் முழுக்க நேரமும் இருக்கிறது. மணப்பெண் ஒருத்தி தெருமுனையில் தெரிந்தால் போதும், எங்கள் வலது கை தானாக எழும்பும். கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு விரல். அதுதான் அளவு. யார் வகுத்தது? தெரியாது. வேதத்தில் இருக்கிறதா? சாமியாரிடம் ஒருமுறை கேட்டேன், அவர் இருமினார். மூன்றாவது விரலுக்கு இறங்கினால் வெட்கங்கெட்டவள். ஒரு விரலோடு நின்றுவிட்டால் கன்னியர் மடத்திலிருந்து ஓடிவந்தவள். எனக்கு எழுத்துத் தெரியாது. கழுத்துத் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் சரியாக இரண்டு விரல் உள்ள ஒரு கழுத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்போம்? விரல் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு பருமன். என் பக்கத்தில் உட்காரும் தியோலிந்தா ரொட்டி மாவு பிசைந்தே விரல் பருத்தவள். அவளுடைய இரண்டு, என்னுடைய மூன்று. அதனால் அவள் சரி என்பதை நான் தவறு என்பேன், நான் சரி என்பதை அவள் தவறு என்பாள், கடைசியில் எந்தப் பெண்ணும் தப்பிப்பதில்லை.

உடம்பைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசமாட்டோம், அது மரியாதை இல்லை. குளிரைப் பற்றித்தான் பேசுவோம். ஆகஸ்டு மாதம், கோழி அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிற வெயிலில், மணப்பெண்ணின் தோளைத் தொட்டு, "கோயிலுக்குள்ள கல்லு குளிரும் மகளே, மேலுக்கு ஏதாவது போட்டுக்க" என்போம். அவள் சிரித்தால், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, சாமியார்தான் முகம் சுளிப்பார் என்போம். சாமியாருக்கோ கண்ணில் புரை. மணப்பெண் எது, மெழுகுவர்த்தி எது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். எங்கள் கைப்பையில் செபமாலை இருக்கும், ஊக்கும் இருக்கும். கல்யாண நாளில் எது அதிகம் வெளியே வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்களில் நான் ஒரு படி மேல். மற்றவர்கள் வாயால் மூடுவார்கள், நான் கையால் மூடுவேன். எங்கள் கோயிலைச் சேர்ந்த எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் கொக்கி ஊசியை எடுத்து வெள்ளை நூலில் ஒரு தோள்போர்வை பின்னத் தொடங்கிவிடுவேன். உடுப்பைப் பார்க்கக் காத்திருப்பதில்லை. பார்த்த பிறகு பின்னினால் அந்தப் பெண்ணைக் குறை சொன்னதாகிவிடும் பாருங்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. பார்க்காமலே குறை சொல்கிறவள். எங்கள் ஊர்க் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் என் போர்வை இருக்கும், அதற்கு மேல் வெந்துகொண்டிருக்கும் ஒரு முகம் இருக்கும். மறுநாளிலிருந்து அந்தப் போர்வைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் கிடக்கும். அங்கேயாவது குளிராமல் இருக்கட்டும்.

இப்படிப்பட்ட எங்களிடம்தான் செய்தி வந்தது: செலெஸ்தெ மகள் யோலாந்தாவுக்கு ஆகஸ்டில் கல்யாணம், இங்கே நம் கோயிலில், உடுப்பு பிரான்சில் லியோன் நகரத்திலிருந்து வருகிறது. செலெஸ்தெ சின்ன வயதிலேயே பிரான்சுக்கு வீட்டுவேலைக்குப் போனவள். மகள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். ஆகஸ்டானால் வருவார்கள், மாதம் முடிந்தால் போய்விடுவார்கள். மாப்பிள்ளை ரூபென் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சுல்மீராவின் மகன், அவனும் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான்.

லியோனிலிருந்து உடுப்பு என்றதும் பெஞ்சில் எல்லாருக்கும் கண் முன்னே ஒரு முதுகு தெரிந்தது. இடுப்புவரை திறந்த முதுகு. தியோலிந்தா இடுப்புக்குக் கீழேயும் போனாள். நான் அன்றைக்கே நூல் வாங்கினேன், வழக்கத்தைவிட அகலமாகப் பின்னினேன். இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் கவலைப்பட்டதே இல்லை.

அவர்கள் வந்து இறங்கிய மறுநாள் செலெஸ்தெ என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். யோலாந்தா அலமாரியைத் திறந்து, பையை உருவி, உடுப்பைக் கட்டிலில் கிடத்தினாள். என் கை வழக்கம்போல் எழும்பியது. வைக்க இடம் இல்லை. முன்னால் பார்த்தேன், புரட்டிப் பின்னால் பார்த்தேன், உடுப்பின் கையைத் தூக்கி அக்குளில் பார்த்தேன். எல்லா இடத்திலும் துணி இருந்தது.

"இதுக்கு மேல நான் எங்கடி போர்வை போடறது?" என்றேன்.

"போட வேணாம், ஞானம்மா."

"ஏண்டி இப்படி?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். லியோனில் அவள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவள், அது எனக்குத் தெரிந்ததுதான்.

"பொழுது விடிஞ்சா நீச்சலுடுப்புல நிக்கிறேன். பிள்ளைங்க, அதுங்க அப்பனுங்க, குளம் கழுவ வர்ற ஆளு, எல்லாரும் பாத்த தோளுதான் இது. கல்யாணத்தன்னிக்காவது நான் முழுசா உடுத்திக்கிறேனே. எனக்கு ஆசையா இருக்கு."

நியாயம்தானே? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, மாடிப்படியின் கடைசிப் படிவரைக்கும். பெஞ்சுக்கு வந்ததும் தியோலிந்தா நகர்ந்து இடம் விட்டு, உடுப்பு எப்படி என்று கேட்டாள். மூடியிருக்கிறது என்றேன். எவ்வளவு என்றாள். எல்லாம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு விட்டேன். அது வெயிலுக்கு விட்ட பெருமூச்சு. ஆனால் எங்கள் பெஞ்சில் விட்ட மூச்சு யாருக்கும் வீணாகாது. எல்லாரும் கொஞ்ச நேரம் கோயில் மணிக்கூண்டைப் பார்த்தோம். பிறகு தியோலிந்தா மெதுவாக, இல்லாததை யாரும் மூடுவதில்லை என்றாள்.

சாயங்காலத்துக்குள் வயிறு வந்துவிட்டது. மறுநாள் காலையில் தீக்காயம். மத்தியானம் ரொட்டி வாங்கப் போனபோது முதுகு நிறைய ஒரு பாம்பைப் பச்சை குத்தியிருப்பதாக, அதன் நிறம் உள்பட, எனக்கே ஒருத்தி சொன்னாள். திறந்து வந்திருந்தால் ஒரு குறையோடு போயிருக்கும். மூடி வந்தாளா, எல்லாக் குறையும் அதற்குள் இடம் பிடித்துக்கொண்டது.

இது ஆற்றைத் தாண்டிச் சுல்மீராவின் காதுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பாலம் குட்டையானது. அவள் செலெஸ்தெ வீட்டுக்கு வந்தாள், காப்பி குடித்தாள், இரண்டாவது காப்பியும் குடித்தாள், பிறகு பேச்சோடு பேச்சாக, கல்யாணத்தைத் திராட்சைப் பறிப்பு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமே, இப்போது கைவேலை அதிகம் என்றாள். சுல்மீராவுக்கு இருப்பது கோழிக்கூட்டின் மேல் படர்ந்த ஒரே ஒரு கொடி. அதைப் பறிக்க அவளும் ஒரு ஏணியும் போதும். அவள் எதைப் பழுக்க விட்டுப் பார்க்க நினைத்தாள் என்பது அந்தச் சமையலறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. செலெஸ்தெ கோப்பைகளைக் கழுவுகிற சாக்கில் அழுதாள்.

யோலாந்தா அழவில்லை. ஆகஸ்டு முடிந்தால் லீவு முடிகிறது, இப்போது இல்லையென்றால் லியோனில் நகராட்சியில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் கட்டிக்கொள்கிறோம், பிறகு இந்த ஊர்ப்பக்கம் வரவே வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். செலெஸ்தெ வருஷம் முழுக்க அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைப்பது அந்த ஒரு மாதம் இங்கே வரத்தான். மகள் வராத ஆகஸ்டில் அவள் மட்டும் வந்து என்ன செய்வாள்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடிக்கு ஏறிப்போய், ஊரையே மூடச் சொல்லி வாழ்ந்த இதே வாயால், "மேல ரெண்டு பொத்தான மட்டும் தொறந்து விட்டுக்கடி, சனங்க பாத்துட்டுப் போகட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் வலது கையைத் தூக்கி, என் கண்ணுக்கு நேரே பிடித்து, "எத்தன விரலுக்கு, ஞானம்மா?" என்றாள்.

இரண்டு விரலுக்கு என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே ஆற்றங்கரைக்குப் போனது. வெயில் அப்படி. ஆண்கள் சீட்டாடினார்கள், நாங்கள் நிழலில் பின்னல் வேலையோடு உட்கார்ந்தோம், அக்கரையில் சுல்மீரா தன் ஆட்களோடு மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். யோலாந்தா வந்தாள். மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள், நீச்சலுடுப்பில் கரையோரமாக நடந்தாள், வேலைக்குப் போகிறவள் நடக்கிற நடை அது, யாருக்கும் காட்டுகிற நடை இல்லை. வயிறு? இஸ்திரி போட்ட மாதிரி. முதுகு? பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. கை, கால், கழுத்து, எல்லாம் கடவுள் கொடுத்தபடி, வெயில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தபடி. தியோலிந்தாவின் கையிலிருந்த பின்னல் மடியில் விழுந்தது.

உங்களுக்கோ எனக்கோ நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? துண்டு. கை தானாகத் துண்டை எடுத்தது, கால் தானாக ஓடியது. "ஏய் மகளே, குளிரும்" என்று கத்திக்கொண்டே துண்டை விரித்துப் பிடித்தபடி கரையோரம் நான் ஓட, அவள் தண்ணீரில் பாய்ந்து நீந்த, அவள் போன திசையிலெல்லாம் நானும் துண்டும் போக, சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவள் அக்கரையில் ஏறினாள். சுல்மீராவிடம் ஒரு மீன் வாங்கித் தின்றாள். திரும்பி நீந்தி வந்தாள். துண்டை நான் மூச்சு வாங்க என் முகத்துக்குப் பிடித்துக்கொண்டேன்.

சரி, முடிந்தது, எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? எங்கள் இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. பூசைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் பேச்சு திரும்பிவிட்டது. கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஊர் முன்னால் இப்படியா வந்து நிற்பாள்? மூட ஒன்றும் இல்லாதவள் எதற்கு மூடுகிறாள்? தோள் என்ன அகலம், ரூபென் பாவம். அக்கரையிலிருந்து செய்தியும் வந்தது. திராட்சையைப் பற்றிய பேச்சே இப்போது இல்லை. குறித்த சனிக்கிழமையே கல்யாணம் நடக்கலாம், ஆனால் எல்லாரும் பார்த்துவிட்ட அந்தத் தோளுக்கு மேல் உடுப்பு போதாது, உடுப்புக்கும் மேல் ஒரு போர்வை வேண்டும் என்றாள் சுல்மீரா. ஞானத்தாய் பின்னி வைத்திருக்கிறாளாமே, அது.

இத்தனை வருஷத்தில் ஒருத்தி என் போர்வையை வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய் சொல்லமாட்டேன், உள்ளே குளுகுளு என்றிருந்தது. அன்றிரவே ஓரத்தில் இன்னொரு வரிசை சேர்த்துப் பின்னினேன்.

கல்யாணக் காலையில் செலெஸ்தெ வீட்டில் கூட்டம். மேசை நிறைய ரொட்டியும் பன்றித்தொடைக் கறியும், பட்டைத்தூளால் கோலம் போட்ட அரிசிப் பாயசமும். பெண்கள் தங்கத்தோடு வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் மணப்பெண் மார்பில் அவளுடைய தங்கம் மட்டும் தொங்காது. அத்தை, சித்தி, எதிர்வீட்டுக்காரி, ஞானத்தாய், எல்லாரும் தங்கள் சங்கிலியையும் பதக்கத்தையும் அன்றைக்கு மாட்டிவிடுவார்கள். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மாமியாரின் பதக்கம், மெல்லிய தங்கக் கம்பியால் இழைத்த இதய வடிவம். கோயிலுக்கு முன்னால் சதுக்கத்தில் நிற்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். யாருடையது எங்கே தொங்குகிறது, யாருடையது தொங்கவில்லை.

யோலாந்தா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பொத்தான்கள் தொண்டைவரை போட்டிருந்தாள். சொல்லட்டுமா? அழகாக இருந்தாள். தன் உடம்புக்குள் தான் குடியிருக்கிறவள்போல இருந்தாள். ஒவ்வொருத்தியாக மாட்டினோம். சுல்மீராவின் முறை வந்தது. அவள் பதக்கத்தைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போர்வை எங்கக்கா?"

போர்வை என் மடியில் இருந்தது. நான் அதை எடுத்தேன், விரித்தேன். யோலாந்தா நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான். ஆற்றில் அத்தனை கண்ணுக்கு முன்னால் கூசாத அந்தத் தோள், என் கையைப் பார்த்ததும் ஒரு நூல் அளவு ஒடுங்கியது. ஊரில் வேறு யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. நான் தோள் பார்த்தே கிழவியானவள்.

போர்வையை நாற்காலியில் வைத்தேன். அதன் மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்கக்கா," என்றாள் சுல்மீரா.

"முழங்கால் வலி."

"அதப் போட்டாத்தான் இதப் போடுவேன்." பதக்கம் இருந்த கையை ஆட்டினாள்.

"நான் எந்திரிக்கிறதா இல்ல. பாயசம் இருந்தா ஒரு கிண்ணம் குடுங்க."

யாரோ கொடுத்தார்கள். நான் சாப்பிட்டேன். யோலாந்தா குனிந்து சுல்மீராவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள், இன்னொரு கன்னத்திலும் கொடுத்தாள்.

"பதக்கம் உங்ககிட்டயே இருக்கட்டும், மாமி. மணி அடிச்சாச்சு, நான் நடக்கிறேன்."

நடந்தாள். வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். எங்கள் எல்லாருடைய தங்கமும் அவள் மார்பில் மினுங்கியது, நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஓர் இடம். அதைப் பார்த்த பிறகுதான் சுல்மீராவுக்கு உறைத்தது. சதுக்கத்தில் அத்தனை பேரும் அந்த வெள்ளை இடத்தைத்தான் பார்ப்பார்கள். மணப்பெண்ணை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாமியாரின் தங்கம் எங்கே என்றுதான் கேட்பார்கள். விற்றுவிட்டாளா? கஞ்சத்தனமா? அல்லது அவளிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லையா? எங்கள் பெஞ்சுக்கு அது போதும், மூன்று வருஷத்துக்கு.

சுல்மீரா ஓடினாள். குதிகால் செருப்போடு, கல்பாவிய இறக்கத்தில், பதக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நில்லும்மா, நில்லுடி கண்ணு" என்று ஓடினாள். தண்ணீர்த் தொட்டி அருகே யோலாந்தா நின்றாள். அவள் உயரத்துக்குச் சுல்மீராவுக்கு எட்டவில்லை. யோலாந்தாவே கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். மாட்டிவிட்டுச் சுல்மீரா அவள் கையைப் பிடித்துக்கொண்டே சதுக்கத்துக்குள் போனாள், தானே தேர்ந்தெடுத்த உடுப்பு மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு. நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த உடுப்பின் கழுத்துப்பட்டி ஒரு விரல் குறைந்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் வாய் திறந்ததுமே சொல்லிவிட்டேன், ஒன்றும் இல்லை என்று. ஏன் மூடினாள் என்று அவளும் சொல்லிவிட்டாள். ஆற்றங்கரையில் ஊரே பார்த்துவிட்டது. ஆனாலும் நடுவில் எங்கோ, கிழவி எதையோ அமுக்குகிறாள், கடைசியில் எப்படியும் வெளியே வரும் என்று நீங்கள் காத்திருக்கவில்லையா? அந்தப் பொத்தான்களுக்குக் கீழே என்னதான் இருந்தது என்று?

கோபப்படாதீர்கள். அவள் வாசற்படியை விட்டு இறங்கிய அந்தக் காலையில் தெருவில் நல்ல கூட்டம். கடைசி வரிசையில், கால் விரலை ஊன்றி எக்கி எக்கி, அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது உங்கள் முகம்தானே?